கூடை கவிழ்ந்தது... கோட்டை ஆடியது! தெரியுமா?

பதிவான வரலாற்றில் முதன்முதலாக ஸ்டிரைக் செய்தவர்கள் யார் தெரியுமா? மில் தொழிலாளிகளா? ரயில்வேக்காரர்களா? இல்லவே இல்லை! எகிப்து மன்னர்களுக்குக் கல்லறை வெட்டிய கைவினைஞர்கள்! காலம் கி.மு. 12ஆம் நூற்றாண்டு. மூன்றாம் ராம்சேஸ் பட்டத்துக்கு வந்து 29ஆம் வருடம். அப்போதெல்லாம் கூலி காசாக வராது, தானியமாக வரும். அந்த மாதம் 18 நாள் கழிந்தும் ஒரு மணி வரவில்லை! அவ்வளவுதான், உளியைக் கீழே போட்டார்கள். காவல் சுவர்களைத் தாண்டிப் போய் ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, தாகம் எடுக்கிறது, உடுத்தத் துணியில்லை, பூச எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று வரிசையாக முறையீடு! பணியாரம் மாதிரி ஏதோ தின்பண்டம் கொடுத்து அனுப்பப் பார்த்தார்களாம். நடக்கிற காரியமா? கடைசியில் தானியம் வந்து சேர்ந்தது!

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஊர் எழுத்தர் பாப்பிரஸ் தாளில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டார்! தாள் இன்றும் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெய்வம் என்று கும்பிடப்பட்ட மன்னனிடமே கூலி பாக்கி கேட்ட நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

மொட்டைத் தலையில் ஒரு கடிதம் போன கதை தெரியுமா? பாரசீகப் பேரரசர் டேரியஸின் அரண்மனையில் ஹிஸ்டியாயஸ் என்ற கிரேக்கர் தங்கக் கூண்டுக் கிளியாக இருந்தார். ஊரில் இருக்கும் மருமகனுக்கு, "கலகத்தை ஆரம்பி" என்று சேதி அனுப்ப வேண்டும். வழியெல்லாம் காவல்! என்ன செய்தார்? நம்பகமான அடிமை ஒருவனுக்கு மொட்டையடித்து, மண்டையில் பச்சை குத்தினார். முடி வளரும்வரை காத்திருந்தார். பிறகு அனுப்பி வைத்தார். மருமகனுக்குப் போன வாய்ச்செய்தி ஒன்றே ஒன்று: இவனுக்கு மொட்டையடித்துப் பார்! கி.மு. 499இல் அயோனியக் கலகம் வெடித்தது இப்படித்தான் என்கிறார் ஹெரடோட்டஸ். நமக்கு ஒரு மெசேஜ் ஒரு நிமிடம் தாமதமானால் பொறுக்கிறதா? அவர்கள் தலைமுடி வளரக் காத்திருந்தார்கள்!

அந்தக் கலகத்துக்கு ஏதென்ஸ் கப்பல் அனுப்பி உதவியது. டேரியஸுக்கு வந்ததே கோபம்! ஒவ்வொரு முறை சாப்பிட உட்காரும்போதும் மூன்று தடவை ஏதென்ஸை ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஒரு வேலைக்காரனையே நியமித்தாராம்! சோறு இறங்குமா அந்த மனிதருக்கு?

கலகம் என்றாலே டேரியஸுக்குப் பழக்கம்தான். பட்டத்துக்கு வந்த புதிதில் திரும்பிய பக்கமெல்லாம் கிளர்ச்சி! ஒரே வருடத்தில் 19 போர், 9 அரசர்களைப் பிடித்தேன் என்று ஈரானின் பெஹிஸ்துன் மலையில் அவரே வெட்டி வைத்திருக்கிறார். எந்த உயரத்தில்? தரையிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர்! எத்தனை மொழியில்? மூன்று! சிற்பத்தில் ஒருவன் மன்னரின் காலடியில் மல்லாந்து கிடக்கிறான். மற்ற ஒன்பது பேருக்கும் கழுத்தோடு கழுத்தாக ஒரே கயிறு. கடைசியில் நிற்பவனுக்குக் கூம்பு மாதிரி நெட்டைத் தொப்பி! கீழே நின்று அண்ணாந்தால் ஓர் எழுத்தாவது தெரியுமா? தெரியாது!

பின்னே எப்படிப் படித்தார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பட்டாளத்திலிருந்து பாரசீகம் போன ஹென்றி ராலின்சன் என்ற அதிகாரி 1830களில் ஏறினார். நிற்க இருந்தது ஒரு குறுகலான பாறை விளிம்பு. அதன்மேல் ஏணி. ஏணியின் உச்சிப் படியில் நின்று, உடம்பைப் பாறையில் சாய்த்து, இடது கையில் நோட்டு, வலது கையில் பென்சில். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? அவராலேயே எட்ட முடியாத பகுதிக்கு ஒரு குர்து இனச் சிறுவன் கயிற்றில் தொங்கி, பாறை இடுக்கில் விரல் நுழைத்து நகர்ந்து போய்ப் படியெடுத்துக் கொடுத்தான்! அந்த மூன்று மொழிக் கல்வெட்டுதான் ஆப்பெழுத்துகளின் பூட்டைத் திறந்த சாவி! பையனின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. இது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

வாயிலிருந்து நெருப்பு கக்கிய அரசன் உண்டா? உண்டு! கி.மு. 135 வாக்கில் சிசிலித் தீவில் அடிமைகள் எழுந்தார்கள். தலைவன் யூனஸ் என்ற சிரியா நாட்டு அடிமை. இரு பக்கமும் துளையிட்ட ஒரு கொட்டைக்குள் நெருப்பும் அது அணையாதிருக்கச் சரக்கும் வைத்து வாயில் அடக்கிக்கொள்வான். பேசும்போது ஊதினால் தீப்பொறி பறக்கும்! பார்த்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். அவன் முடிசூடினான், பெயரையும் அந்தியோகஸ் என்று மாற்றிக்கொண்டான். ரோம் இவனை அடக்கச் சில வருடங்கள் ஆயின. ஒரு கொட்டையை நம்பி ஒரு ராஜ்யம்!

ஸ்பார்ட்டகஸ் பெயர் தெரியாதவர் இல்லை. ஆனால் அவருடைய முதல் ஆயுதம் என்ன தெரியுமா? அடுப்படிச் சாமான்! கி.மு. 73இல் காப்புவா ஊரின் மல்லர் கூடத்திலிருந்து தப்பியபோது எழுபது சொச்சம் பேர் கையிலெடுத்தது கறி வெட்டும் கத்தியும் இறைச்சி குத்திச் சுடும் கம்பியும்தான்! ஓடிப்போய் வெசுவியஸ் எரிமலை உச்சியில் ஒளிந்தார்கள். இறங்க இருந்தது ஒரே பாதை, அதை 3,000 ரோமானியர் அடைத்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? மலைமேல் காட்டுத் திராட்சைக் கொடி மண்டிக் கிடந்தது. அதை அறுத்து முறுக்கி ஏணி பின்னினார்கள். செங்குத்தான பின்பக்கம் வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவன் மட்டும் மேலேயே நின்று ஆயுதங்களையெல்லாம் கட்டிக் கட்டி இறக்கிவிட்டு, கடைசியில் தானும் இறங்கினான். சுற்றி வந்து பின்னாலிருந்து பாய்ந்தால்... ரோமானியர் கூடாரத்தை விட்டு ஓட்டம்!

படை எழுபதாயிரமாகப் பெருத்தது என்கிறார்கள். கடைசிப் போருக்கு முன் ஸ்பார்ட்டகஸ் தன் குதிரையையே வெட்டிச் சாய்த்தாராம். ஜெயித்தால் எதிரியின் குதிரைகள் எத்தனையோ கிடைக்கும், தோற்றால் குதிரை எதற்கு! கி.மு. 71இல் தோற்றார். உடல் கிடைக்கவே இல்லை. பிடிபட்ட 6,000 பேரை காப்புவாவிலிருந்து ரோம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் சிலுவையில் அறைந்தார்கள். தூரம் ஏறக்குறைய 200 கி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது சொச்சம் மீட்டருக்கு ஒரு சிலுவை! ஆச்சரியக்குறி போட்டுவிட்டேன், ஆனால் இந்த இடத்தில் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

பேரரசை ஏலம் விட்டிருக்கிறார்கள் தெரியுமா? அதுவும் ரோமப் பேரரசை! கி.பி. 193. காவல்படைக்காரர்களே பேரரசரைக் கொன்றுவிட்டு, யார் அதிகம் தருவார்களோ அவருக்கே அரியணை என்றார்கள். ஒருவர், வீரர் தலைக்கு 20,000 செஸ்டர்ஸ் காசு என்றார். டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் 25,000 என்றார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! அனுபவித்தது எத்தனை நாள்? 66 நாள்! பிறகு தலை போயிற்று. பணத்தைத் திருப்பித் தரவா போகிறார்கள்?

தோற்றவர்களுக்கு எத்தனை பெரிய சிலை!

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரோமை எதிர்த்த மூன்று பேர். மூவருக்கும் சிலை வைத்தது யார் தெரியுமா? அவர்கள் செத்து ஆயிரத்து எண்ணூறு வருடம் கழித்து வந்தவர்கள்!

முதலில் ஆர்மினியஸ். ஜெர்மானியப் பழங்குடியில் பிறந்து, ரோமக் குடியுரிமை பெற்று, ரோமப் படையிலேயே பதவி வகித்தவர். கி.பி. 9இல் வழிகாட்டுகிறேன் என்று சொல்லி மூன்று ரோமப் படையணிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போய் மொத்தமாக அழித்தார்! சேதி கேட்ட பேரரசர் அகஸ்டஸ் மாதக்கணக்கில் முகம் மழிக்கவில்லை. கதவில் தலையை முட்டிக்கொண்டு, என் படையைத் திருப்பிக் கொடு என்று செத்துப்போன தளபதியிடம் கதறினார்! 17, 18, 19 என்ற அந்த மூன்று படையணி எண்களை ரோம் அதன்பிறகு எந்தப் படைக்கும் வைக்கவே இல்லை. இந்த அகஸ்டஸின் முகம் பதித்த வெள்ளிக் காசுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? கோயம்புத்தூர் பக்கத்து வெள்ளலூரில்! கதவில் முட்டிக்கொண்ட அந்தத் தலைதான் நம் கொங்கு மண்ணுக்குள் புதையலாகக் கிடந்தது!

1875இல் ஜெர்மனியின் டெட்மோல்ட் அருகே ஆர்மினியஸுக்குச் சிலை எழும்பியது. பீடத்தோடு 53 மீட்டர்! கையிலுள்ள வாள் மட்டும் 7 மீட்டர்! கட்டி முடிக்க 37 வருடம்! வாளேந்தி அவர் பார்த்து நிற்பது ரோம் இருக்கும் தெற்கே என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, பிரான்ஸ் இருக்கும் மேற்கே! அன்றைக்குப் பகையாளி யாரோ அவர் பக்கம்! பெயர் ஹெர்மன் என்று வைத்தார்கள். அதுவும் பிற்காலத்தார் ஒட்டவைத்தது. அவருடைய தாய் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது! இன்னொரு கூத்து: 1987இல் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி உலோகம் காட்டும் கருவியோடு தேடத் தொடங்கி, ரோமக் காசுகளும் கவண் குண்டுகளும் கண்டெடுத்தார். அந்த இடமான கால்க்ரீஸ்தான் போர்க்களம் என்கிறார்கள் பெரும்பாலான ஆய்வாளர்கள். சிலை நிற்பதோ வெகு தூரத்தில் வேறொரு மலையில்!

அடுத்து வெர்சிஞ்செடோரிக்ஸ். பெயரைச் சொல்லவே மூச்சு முட்டுகிறதா? கோல் நாட்டவர், இன்றைய பிரான்ஸ். கி.மு. 52இல் அலேசியா குன்றில் ஜூலியஸ் சீசர் இவரை முற்றுகையிட்டார். உள்ளே இருப்பவர் வெளியேறாமல் 16 கி.மீ. அரண். வெளியிலிருந்து உதவி வராமல் அதைச் சுற்றி இன்னொரு 21 கி.மீ. அரண்! முற்றுகையிட்டவரே முற்றுகைக்குள் உட்கார்ந்த விசித்திரம்! சரணடைந்த தலைவரை ஆறு வருடம் சிறையில் வைத்து, ஊர்வலத்தில் நடத்திவிட்டுக் கொன்றார்கள். 1865இல் அதே குன்றில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவருக்குச் சிலை வைத்தார். சிலையின் முகம் யாருடைய சாயல் என்கிறார்கள் தெரியுமா? மூன்றாம் நெப்போலியனின் சாயலேதான்! மீசை உள்பட! ஐந்தே வருடத்தில் அவரும் பிரஷ்யர்களிடம் சரணடைந்தார். முகம் பொருத்தம்தான்!

மூன்றாவது பூடிக்கா. பிரிட்டனின் ஐசெனி குலத்து அரசி. ரோமானியர் அவரைச் சாட்டையால் அடித்தார்கள், மகள்களைச் சீரழித்தார்கள். கி.பி. 60 வாக்கில் எழுந்தார் பாருங்கள்! மூன்று நகரங்கள் சாம்பல்! எழுபதாயிரம் பேர் மாண்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். லண்டனில் ஆழத் தோண்டினால் இன்றைக்கும் ஒரு செம்மண் அடுக்கு வரும். மண்ணில்லை அது, எரிந்த லண்டன்! அப்படி லண்டனைக் கொளுத்தியவருக்கு லண்டன் என்ன செய்தது? நாடாளுமன்றத்துக்கு எதிரே, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அருகே, தேரேறி மகள்களோடு பாய்ந்து வருவது மாதிரி வெண்கலச் சிலை! வைத்தது 1902இல். உலகத்தில் கால் பங்கைப் பிடித்து வைத்திருந்த பேரரசு, பேரரசை எதிர்த்தவளுக்குச் சிலை வைத்தது! அதே காலத்தில் அவர்களை எதிர்த்த நம்மவர்களுக்கு என்ன வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாதா!

தூக்குமரம் முறிந்ததால் ஒரு தலைநகரமே எரிந்தது தெரியுமா? கி.பி. 532, கான்ஸ்டான்டிநோபிள். அங்கே தேர்ப் பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரண்டு கட்சி. நம் ஊர் ரசிகர் மன்றங்களெல்லாம் இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்! கலவரத்துக்காகச் சிலரைத் தூக்கில் போட்டபோது மரம் முறிந்து இருவர் பிழைத்தார்கள். ஒருவன் நீலம், ஒருவன் பச்சை! அந்த இருவருக்கும் மன்னிப்புக் கேட்டு ஜென்மப் பகையாளிகள் கைகோத்தார்கள். "நிகா!" என்று கத்தினார்கள். ஜெயி என்று பொருள், குதிரைக்குப் போட்ட கோஷம்! பேரரசர் ஜஸ்டினியன் கப்பலேறி ஓடத் தயாரானார். பேரரசி தியோடரா மறுத்துவிட்டார். பட்டாடையோடு சாவேன், ஓடமாட்டேன் என்றார். ஒரு காலத்தில் நாடக மேடையில் ஆடியவர் அவர்! முடிவு? பந்தயத் திடலுக்குள்ளேயே 30,000 பேர் கொலை! எரிந்துபோன பெரிய தேவாலயத்தின் இடத்தில் ஆறு வருடத்துக்குள் எழுந்ததுதான் இன்று இஸ்தான்புல்லில் நாம் அண்ணாந்து பார்க்கும் ஹாகியா சோஃபியா!

ஜன்னலிலிருந்து விழுந்ததற்காக ஒருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள் தெரியுமா? 1618 மே 23. பிராக் கோட்டை. ஹாப்ஸ்பர்க் பேரரசின் இரண்டு பிரதிநிதிகளையும் ஒரு செயலாளரையும் கலகக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். ஒருவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தொங்க, குத்துவாளின் பிடியால் விரல்களில் அடித்துத் தள்ளினார்கள். உயரம் 21 மீட்டர்! மூவரும் பிழைத்தார்கள்! கத்தோலிக்கர் சொன்னார்கள், மாதா தாங்கினாள். எதிர்த் தரப்பு சொன்னது, கீழே குப்பைமேடு தாங்கியது! செயலாளருக்குப் பேரரசர் பிறகு கொடுத்த பிரபுப் பட்டத்தின் பொருள் என்ன தெரியுமா? உயர்வீழ்ச்சியார்! சிரித்தீர்களா? அந்த ஜன்னலிலிருந்து தொடங்கிய போர் 30 வருடம் நீண்டது. மாண்டவர் 40 லட்சத்துக்கும் மேல்.

இப்போது அந்தக் கூடைக் கதை! 1647 ஜூலை 7, நேப்பிள்ஸ். ஊரை ஆள்வது ஸ்பெயின். பழத்துக்கு வரி போட்டார்கள். ஏழைகளுக்குக் கோடையில் பழம்தான் சாப்பாடே! சந்தையில் வரியை யார் கட்டுவது என்று தகராறு முற்றி, ஒரு வியாபாரி அத்திப்பழக் கூடையைத் தரையில் கவிழ்த்தான் என்கிறார்கள். பழம் உருண்டது, ஊர் திரண்டது! முன்னால் வந்து நின்றவர் மசானியெல்லோ. தொழில் மீன் விற்பது, வயது 27! நேற்று மீன் கூடை சுமந்தவர் இன்று நகரத்தையே ஆண்டார். எத்தனை நாள்? பத்தே நாள்! ஜூலை 16இல் கொன்று தலையை வெட்டினார்கள். மறுநாள் மக்கள் கடைக்குப் போனால் ரொட்டியின் எடை குறைந்திருந்தது! அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் உடலைத் தோண்டி எடுத்து, தலையை உடம்போடு சேர்த்து, ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ரொட்டி எடை சொல்லும் நியாயத்துக்கு மேல் நியாயம் உண்டா?

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? 183 வருடம் கழித்து மறுபடி வெடித்தது! இந்த மசானியெல்லோவின் கதையை ஓர் இசை நாடகமாக்கி, 1830 ஆகஸ்ட் 25 இரவு பிரஸ்ஸல்ஸில் மேடையேற்றினார்கள். அப்போது அங்கே நெதர்லாந்து மன்னரின் ஆட்சி. விழாவே அவருடைய பிறந்தநாளை ஒட்டித்தான்! தாய்நாட்டுப் பாட்டு வந்ததும் அரங்கமே எழுந்தது. ரசிகர்கள் அப்படியே தெருவுக்குப் பாய்ந்தார்கள். சில வாரத்தில் பெல்ஜியம் என்ற புதிய நாடு! அந்த நாடகத்தின் கதாநாயகி யார் தெரியுமா? வாய் பேசாத ஊமைப் பெண்! முதல் உலகப் போரில் ஜெர்மனி இதே பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, வீழ்ந்தாலும் எதிர்த்து நின்ற அந்தக் குட்டி நாட்டை வாழ்த்திப் பாடியவர் வேறு யாருமில்லை, நம் பாரதியார்!

1789 ஜூலை 14இல் பாரிஸின் பாஸ்டில் சிறையை உடைத்தபோது உள்ளே எத்தனை கைதிகள்? ஆயிரம்? நூறு? ஏழு! நான்கு பேர் கள்ளக் கையெழுத்துக்காரர்கள், இரண்டு பேர் புத்தி பேதலித்தவர்கள், ஒருவர் பிரபு. ஏழே பேர் இருந்த சிறையை உடைக்கப் போய் வெளியே செத்தவர் 98 பேர்! அன்றைய நாட்குறிப்பில் மன்னர் பதினாறாம் லூயி எழுதியது ஒரே வார்த்தை, ஒன்றுமில்லை! அட, வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்பதைத்தான் எழுதினார் பாவம்!

புரட்சிக்காரர்கள் கடிகாரத்தையும் விடவில்லை தெரியுமா? ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மணிக்கு 100 நிமிடம், வாரத்துக்கு 10 நாள்! புனிதர்களின் பெயரை எடுத்துவிட்டு ஒரு நாளுக்குக் கேரட், ஒரு நாளுக்கு உருளைக்கிழங்கு, ஒரு நாளுக்குக் கழுதை! கழுதை நாளில் பிறந்தவரின் நிலைமையை யோசியுங்கள். ஏழு நாளைக்கு ஒரு லீவு பத்து நாளைக்கு ஒன்றாகிவிட்டதே! உழைப்பவனுக்குப் பிடிக்குமா?

ஒரே தேசம், ஒரே மொழி என்று முழங்கிய அந்த பிரான்ஸில் எத்தனை பேர் பிரெஞ்சு பேசினார்கள் தெரியுமா? 1794இல் பாதிரியார் கிரேகுவார் கணக்கெடுத்துச் சொன்னார்: ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் மக்களில் சுத்தமாகப் பேசுபவர் 30 லட்சத்துக்கு மேல் இல்லை! 60 லட்சம் பேருக்கு அறவே தெரியாது! இத்தாலி இன்னும் மோசம். 1861இல் நாடு ஒன்றுபட்டபோது இத்தாலிய மொழி பேசியவர் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று ஒரு மொழியியல் அறிஞரின் கணக்கு! முதலில் நாடு வந்தது, பிறகுதான் மொழியைத் தேடினார்கள்!

இத்தாலியை ஒன்றுசேர்க்கப் போராடிய கரிபால்டியின் வீரர்கள் ஏன் செஞ்சட்டை போட்டார்கள் தெரியுமா? புரட்சியின் நிறமா? ரத்தத்தின் அடையாளமா? ரத்தம் என்பது சரி, ஆனால் மாட்டு ரத்தம்! 1840களில் தென் அமெரிக்காவின் மொண்டெவிடியோவில் அவர் படை திரட்டியபோது, அர்ஜென்டினாவின் கசாப்புக் கூடத் தொழிலாளிகளுக்காகத் தைத்த சிவப்புச் சட்டைகள் விற்காமல் கிடந்தன. கறை தெரியாமலிருக்கச் சிவப்பு! மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1860இல் அந்தச் சட்டையோடு இரண்டே கப்பலில் ஆயிரம் சொச்சம் பேர் போய் சிசிலியையும் நேப்பிள்ஸையும் பிடித்து மன்னர் கையில் கொடுத்தார்கள். கரிபால்டி பிறந்த ஊரான நீஸ் மட்டும் அதே வருடம் பிரான்ஸுக்குப் போய்விட்டது! நாட்டையே சேர்த்துக் கொடுத்தவருக்குச் சொந்த ஊர் அந்நிய தேசம்!

சுவரெல்லாம் "வாழ்க வெர்டி" என்று எழுதினார்கள் இத்தாலியர்கள். ஆஸ்திரியப் போலீஸ் பார்த்தது. இசையமைப்பாளர் வெர்டிக்கு ரசிகர்கள்போல என்று விட்டுவிட்டது! உண்மையில்? இத்தாலிய மன்னர் விட்டோரியோ எமானுவேலே என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வெர்டி! எப்படி இருக்கிறது? இத்தாலிய விடுதலைக்குப் போராடிய மாஜினி தன் இளைஞர் சங்கத்துக்கு வகுத்த உறுதிமொழியையும் பாரதியார் தமிழில் பாடி வைத்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை.

ஹங்கேரியில் பீர் குடிக்கும்போது கோப்பையோடு கோப்பை முட்டினால் முறைப்பார்கள் தெரியுமா? 1849 அக்டோபர் 6இல் 13 ஹங்கேரியத் தளபதிகளை ஆஸ்திரியா கொன்றது. அந்தச் சந்தோஷத்தில் ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை முட்டிக் குடித்தார்களாம். இனி 150 வருடத்துக்கு நாங்கள் முட்டமாட்டோம் என்று சபதம்! கெடு 1999இலேயே முடிந்துவிட்டது. இன்னும் பலர் முட்டுவதில்லை!

போலந்து 123 வருடம் வரைபடத்திலேயே இல்லை தெரியுமா? 1795இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டன. 1849இல் போலந்து இசைமேதை ஷோபான் பாரிஸில் இறந்தார். உடல் பாரிஸில், இதயம்? அக்காள் லுத்விகா அதை மதுவில் ஊறவைத்த ஜாடியில், மேலங்கிக்குள் மறைத்து, ரஷ்யக் காவலைத் தாண்டி வார்சாவுக்குக் கொண்டுவந்தார்! இன்றும் ஒரு தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. 2014இல் ஓர் இரவு ரகசியமாகத் திறந்து பார்த்து மூடிவைத்தார்கள். நாடு மறுபடி உயிர்த்ததும் 1919இல் பிரதமரானவர் யார்? பதெரெவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர்! வெர்சாய் உடன்படிக்கையில் போலந்துக்காகக் கையெழுத்துப் போட்டதும் அதே விரல்கள்தான்!

எழுத்தைக் கடத்தினவர்கள்!

தங்கம் கடத்துவார்கள், சாராயம் கடத்துவார்கள். அரிச்சுவடி கடத்துவார்களா? லிதுவேனியாவில் கடத்தினார்கள்! 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசு ஓர் ஆணை போட்டது. லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சடிக்கக் கூடாது, ரஷ்ய எழுத்தில்தான் அச்சடிக்க வேண்டும்! ஜனங்கள் என்ன செய்தார்கள்? பக்கத்துப் பிரஷ்யாவில் அச்சடித்து, ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிச் சுமந்தார்கள். வைக்கோல் வண்டிக்குள் ஜெபப் புத்தகம், சட்டைக்குள் பஞ்சாங்கம்! பிடிபட்டால் சிறை, சைபீரியா. சுடவும் செய்வார்கள்! இது ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, 40 வருடம்!

பள்ளிக்கூடம்? வீட்டுக்குள்! ஒரு சிற்பம் உண்டு. தாய் ராட்டையில் நூல் நூற்கிறாள். பக்கத்தில் பிள்ளை புத்தகத்தோடு நிற்கிறது. கண் புத்தகத்தில், கை நூலில். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் புத்தகம் மறைந்துவிடும், ராட்டை மட்டும் சுற்றும்! 1904இல் பேரரசு தோற்று ஆணையைத் திரும்பப் பெற்றது. புத்தகக் கடத்தலில் பேர்போன யூர்கிஸ் பியலினிஸ் பிறந்த மார்ச் 16ஐ, புத்தகக் கடத்தல்காரர் தினமாகவே கொண்டாடுகிறார்கள்! தமிழனுக்கு இது புரியாமல் போகுமா?

நார்வே 1905இல் ஸ்வீடனை விட்டுப் பிரியலாமா என்று ஓட்டுப் போட்டது. சரி என்றவர் 368,208 பேர். வேண்டாம் என்றவர்? வெறும் 184! நம் ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம்! பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதற்காகச் சும்மா இருந்தார்களா? இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள்!

1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசரைக் கொல்ல வந்தவர்களில் ஒருவன் குண்டை வீசினான். அது இளவரசரின் காரிலிருந்து எகிறிப்போய் அடுத்த காருக்கடியில் வெடித்தது! சயனைடு விழுங்கினான், வாந்திதான் வந்தது! ஆற்றில் குதித்தான், தண்ணீர் கணுக்கால் அளவுகூடத் தேறவில்லை! எல்லாம் கோட்டை விட்டாயிற்று என்ற நேரத்தில், பாதை மாறியதை டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி தப்பாகத் திரும்பி நின்றது. நின்ற இடத்தில் கூட்டாளி பிரின்சிப்! சுட்டுக் கொன்றான். வயது 19. இருபது நிறைய இன்னும் 27 நாள் இருந்ததால் தூக்கு இல்லை! அவன் அங்கே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று ஒரு கதை சுற்றுகிறதே? சுத்தக் கப்சா! அந்தக் காரின் நம்பர் தகட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஏ III 118. அந்தக் கொலையால் மூண்ட முதல் உலகப் போர் எப்போது நின்றது? 1918, 11ஆம் மாதம், 11ஆம் தேதி! 11-11-18! தற்செயல்தான், ஆனாலும் புல்லரிக்கிறதா இல்லையா? அந்தப் போர் முடிவதற்குள்ளும் முடிந்த சூட்டோடும் காணாமல் போன பேரரசுகள் நான்கு!

வாத்துகளுக்காகச் சண்டையை நிறுத்தினார்கள் தெரியுமா? 1916 ஈஸ்டர் வாரம், டப்ளின். பூங்காவுக்கு உள்ளே ஐரிஷ் கலகக்காரர்கள், சுற்றிலும் ஆங்கிலேயப் படை. பூங்காக் காவலர் குளத்து வாத்துக்கு இரை போட வரும் நேரம் மட்டும் இரு பக்கமும் துப்பாக்கி மௌனம்! இரை போட்டுத் திரும்பியதும் மறுபடி படபட! அவர்களுடைய சுதந்திரப் பிரகடனம் அச்சானது இன்னும் வேடிக்கை. அச்சகத்தில் எழுத்துக் கட்டைகள் போதவில்லை. மேல்பாதியை அடித்துவிட்டு, கட்டைகளைக் கலைத்துக் கீழ்பாதியைக் கோத்தார்கள். "ஈ" எழுத்து தீர்ந்துபோனதும் "எஃப்" எழுத்தின் காலில் அரக்கை ஒட்டி "ஈ" ஆக்கினார்கள்! கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பிளங்கட்டுக்குச் சிறைக்கூடச் சிற்றாலயத்தில் கல்யாணம் நடந்தது. சில மணி நேரத்தில் அவர் இல்லை. அதே 1916இல்தான் ஐரிஷ்காரர்களின் ஹோம் ரூல் என்ற பெயரிலேயே அன்னி பெசன்ட் சென்னையில் இயக்கம் தொடங்கினார்!

650 கி.மீ.க்கும் மேல் நீண்ட மனிதச் சங்கிலி பார்த்திருக்கிறீர்களா? 1989 ஆகஸ்ட் 23 மாலை. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா. சோவியத் ஆட்சியை எதிர்த்து ஏறக்குறைய 20 லட்சம் பேர் மூன்று தலைநகரங்களையும் கைகோத்து இணைத்தார்கள். மூன்று நாட்டுக்கும் சேர்த்தே மக்கள்தொகை 80 லட்சம்தான்! நாலில் ஒருவர் தெருவில்!

கடைசியாக ஒன்று. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் கடைசி இடம் பிடித்த பாட்டு ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது தெரியுமா? 1974. ஆபா குழு வென்ற அதே போட்டியில் போர்ச்சுகல் பாட்டுக்குக் கிடைத்தது வெறும் 3 மதிப்பெண்! சில வாரம் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55க்கு வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்தது. ராணுவ இளைஞர்களுக்கு அதுதான் ரகசியக் குறி! விடிந்தால் லிஸ்பன் தெருவெல்லாம் கவச வண்டிகள். புரட்சிக்கு வந்த வண்டி சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்த பிறகே நகர்ந்தது என்றும் சொல்வார்கள்! 48 வருடச் சர்வாதிகாரம் ஒரே நாளில் காலி! அங்கோலாவும் மொசாம்பிக்கும் அடுத்த வருடமே விடுதலை. 1961இல் இந்தியா எடுத்துக்கொண்ட கோவாவை, இந்தியாவுடையதுதான் என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டதும் அந்த 1974 டிசம்பரில்தான்!

அதற்கு ஏன் கார்னேஷன் புரட்சி என்று பெயர்? அன்று ஓர் உணவகத்துக்கு முதலாம் ஆண்டு விழா. வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கார்னேஷன் பூ வாங்கி வைத்திருந்தார்கள். ஊரில் கலவரம் என்று கடையை மூடிவிட்டு, பூவை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று ஊழியர்களிடம் கொடுத்துவிட்டார்கள். கை நிறையப் பூவோடு நடந்து வந்த ஒரு பெண்ணிடம், கவச வண்டியிலிருந்த சிப்பாய் சிகரெட் இருக்கிறதா என்று கேட்டான். அவருக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. இதுதான் இருக்கிறது என்று ஒரு சிவப்புப் பூவை நீட்டினார். அவன் வாங்கித் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டான். அடுத்தவனும் கேட்டான், அதற்கடுத்தவனும் கேட்டான், பூக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள், மதியத்துக்குள் ஊர் முழுக்கத் துப்பாக்கியில் பூ! சரி, அவர் கைப்பையில் மட்டும் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்திருந்தால், அந்தப் புரட்சிக்கு இன்றைக்கு என்ன பெயர்?